ஒரு நிமிட வீடியோவில் கலக்கியவர்கள் சினிமாவுக்குப் போனதும் ஏன் சுருங்கிவிடுகிறார்கள்?

(இணைய மன்றத்தில் நடந்த உரையாடல். ஒவ்வொரு பதிவுக்கும் மேலே இருப்பது எழுதியவரின் புனைபெயர்.)

மூன்றாம் வரிசை

டிக்டாக் காலத்திலிருந்து நான் விடாமல் பார்த்து வரும் ஒருவர் இருக்கிறார். பெயர் வேண்டாம், இது அவர் மேல் சொல்லும் குறை இல்லை. துண்டு தோளில் இருந்தால் அப்பா. தலையில் சுற்றினால் அம்மா. துண்டே இல்லாவிட்டால் மகன். ஒரே ஆள், ஒரே அறை, ஒரு நிமிடம். அந்த அம்மா பேச ஆரம்பித்தால் எங்கள் வீட்டில் எல்லோரும் கையில் இருக்கும் வேலையை விட்டுவிட்டு வந்து பார்ப்போம்.

அவர் ஒரு படத்தில் நடித்திருக்கிறார் என்று தெரிந்ததும் முதல் நாளே போனேன். அவர் திரையில் வந்தபோது விசில் பறந்தது. பக்கத்தில் இருந்தவர் அவர் பெயரைச் சொல்லிக் கத்தினார். அதற்குப் பிறகு என்ன நடந்தது என்றால், எதுவுமே நடக்கவில்லை. நாயகனின் தோளைத் தட்டி "விடு மச்சான், பாத்துக்கலாம்" என்கிறார். ஒரு பாடலில் பின்னால் நின்று ஆடுகிறார். இரண்டாம் பாதியில் ஒரு அடி வாங்குகிறார். அவ்வளவுதான்.

அரங்கமே அவருக்காகக் காத்திருந்ததை நான் பார்த்தேன். சிரிக்கத் தயாராக இருந்தவர்களைச் சிரிக்க வைக்க முடியாமல் போனது ஏன்? ஒரு நிமிடத்தில் அத்தனை செய்கிறவருக்கு இரண்டரை மணி நேரத்தில் செய்ய ஒன்றும் இல்லையா? இவர் ஒருவர் விஷயத்தில் மட்டும் என்றால் விட்டுவிடலாம். ஐந்தாறு பேரிடம் இதையே பார்த்துவிட்டேன். விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கத்தரிக்கோல்

நான் எடிட்டர். குறும்படம், விளம்பரம், யூடியூப் எல்லாம் வெட்டியிருக்கிறேன். என் மேசையிலிருந்து தெரிவதைச் சொல்கிறேன்.

ஒரு நிமிட வீடியோவில் சிரிப்பைப் பெரும்பாலும் கொண்டு வருவது வெட்டு, வசனம் அதற்கு அடுத்துதான். அப்பா கேள்வி கேட்கிறார். கேள்வியின் கடைசி எழுத்து முடிவதற்கு நாலைந்து பிரேம் முன்பே மகன் முகம் வந்துவிடும். நடுவில் மூச்சு விடும் இடம் எதுவும் இருக்காது, எல்லாவற்றையும் உருவி எடுத்திருப்பார்கள். நீங்கள் "டைமிங்" என்று பாராட்டுவதில் பாதி எடிட்டிங் மேசையில் செய்தது. அதைச் செய்பவரும் பெரும்பாலும் அவரேதான். அதனால் அது அவருடைய திறமை இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. சினிமாவுக்குப் போகும்போது அந்தக் கத்தியை வாசலில் வாங்கி வைத்துவிட்டு உள்ளே அனுப்புகிறார்கள், அதுதான் விஷயம். அங்கே அவர் நடிகர் மட்டும். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே தாவ வேண்டும் என்பதை மூன்று மாதம் கழித்து, அவரைத் தெரியாத ஒருவர் முடிவு செய்கிறார்.

இன்னொன்றை யாரும் கவனிப்பதில்லை. அப்பா, அம்மா, மகன் மூவரும் அவரே என்றால், அவர் எதிரில் ஆள் வைத்து நடித்ததே இல்லை. சுவரைப் பார்த்துக் கேள்வி கேட்பார், துண்டை மாற்றிவிட்டு வந்து அதே சுவரைப் பார்த்துப் பதில் சொல்வார். இன்னொருவர் பேசும்போது கேட்டுக்கொண்டு நிற்பது தனியாக ஒரு நடிப்பு. பழகாத ஆளுக்குக் கையை எங்கே வைப்பது என்றே தெரியாது. பெரிய திரையில் அது உடனே தெரிந்துவிடும்.

கடைசி பேருந்து

இதையெல்லாம் ரொம்பப் பெரிதாக்குகிறீர்கள் என்று தோன்றுகிறது. சந்தானம் லொள்ளு சபாவிலிருந்து வந்தார். யோகி பாபுவும் அங்கிருந்துதான். சிவகார்த்திகேயன் கலக்கப்போவது யாரு மேடையிலிருந்து வந்தார். சின்னத் திரையிலிருந்து பெரிய திரைக்கு வருவது புதிதே இல்லை. திறமை இருந்தால் நிற்பார்கள், இல்லாவிட்டால் நிற்க மாட்டார்கள்.

மூன்றாம் வரிசை

அவர்கள் வந்த வழி வேறு என்று நினைக்கிறேன். லொள்ளு சபாவில் சந்தானம் ஒரு குழுவோடு நடித்தார். மனோகர், சுவாமிநாதன் எல்லாம் எதிரில் நின்றார்கள். கத்தரிக்கோல் சொன்ன "கேட்டுக்கொண்டு நிற்பது" அங்கே வாராவாரம் பழக்கமானது. சிவகார்த்திகேயன் மேடையில் நின்றவர், பிறகு அது இது எது மாதிரி நிகழ்ச்சிகளைத் தொகுத்தவர். எதிரில் இருப்பவர் சிரிக்கவில்லை என்றால் அந்த நொடியே அவருக்குத் தெரியும், அடுத்த வரியை மாற்றிவிடுவார். 2012ல் மெரினா வந்தபோது அவருக்கு எத்தனையோ மணி நேர மேடைப் பழக்கம் இருந்தது. செல்போன் முன்னால் தனியாக நிற்பவருக்கு அது கிடைப்பதில்லை. எண்ணிக்கை மட்டும்தான் வரும், அதுவும் மறுநாள் காலையில்.

பழைய ரீல்பெட்டி

சினிமா பக்கத்தில் என்ன மாறியது என்று யாரும் பேசவில்லையே. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை.

தமிழ் சினிமாவில் "காமெடி டிராக்" என்று ஒன்று இருந்தது. கதை ஒரு பக்கம் போகும், நகைச்சுவை தனியாக இன்னொரு பக்கம் போகும். அதற்குத் தனி எழுத்தாளர் இருப்பார். என்.எஸ். கிருஷ்ணன் காலத்திலேயே அவர் தனக்கென ஒரு குழு வைத்துக்கொண்டு தன் பகுதியைத் தானே உருவாக்கித் தருவார். பிறகு கவுண்டமணி செந்தில் காலத்தில் ஏ. வீரப்பன் இருந்தார். 1989ல் வந்த கரகாட்டக்காரன் படத்தின் வாழைப்பழ நகைச்சுவை அவர் எழுதியது. அந்தக் காட்சியைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். ஒரு ரூபாய், இரண்டு பழம், ஒன்று இருக்கிறது, இன்னொன்று எங்கே? இவ்வளவுதான் சரக்கு. கதைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. படத்தைப் பார்க்காதவருக்கும் புரியும். முன்னால் என்ன நடந்தது, பின்னால் என்ன நடக்கும் என்று தெரிய வேண்டியதில்லை. ஆரம்பம், முடிச்சு, முடிச்சு இறுகுவது, வெடிப்பது எல்லாம் ஒரு சில நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

இன்றைக்கு அதைப் புதிதாக எடுத்து நெட்டில் போட்டால் அதற்கு என்ன பெயர் சொல்வோம்? ரீல்ஸ்தானே! வடிவேலுவின் காட்சிகள் இன்னும் நம் செல்போனில் உயிரோடு இருப்பதற்கும் இதுதான் காரணம். 2001ல் வந்த பிரெண்ட்ஸ் படத்து நேசமணி 2019 மே மாதம் உலகம் முழுக்க டிரெண்டிங்கில் வந்தார். ஒரு சுத்தியல் படத்தைப் போட்டு இதற்கு உங்கள் ஊரில் என்ன பெயர் என்று யாரோ கேட்க, நம் ஆள் ஒருவர் இது நேசமணி தலையில் விழுந்தது என்று பதில் போட, அங்கிருந்து கிளம்பியது. பதினெட்டு வருடத்துக்கு முந்தைய காட்சியைப் படத்திலிருந்து உருவி எடுத்தாலும் அது தனியாக நிற்கிறது. தனியாக நிற்க வேண்டும் என்றே எழுதப்பட்டது அது.

இப்போது அந்த இடம் சினிமாவில் பெரும்பாலும் இல்லை. 2010க்குப் பிறகு மெல்ல மெல்லத் தனி டிராக் குறைந்தது. நாளைய இயக்குனர் என்ற டிவி நிகழ்ச்சியில் குறும்படம் எடுத்துவிட்டு வந்த கார்த்திக் சுப்புராஜ், நலன் குமாரசாமி போன்றவர்களின் படங்களில் சிரிப்பு கதைக்குள்ளேயே இருந்தது. சூது கவ்வும் படத்தில் காமெடியன் யார் என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? எல்லோரும்தான். சினிமாவுக்கு அது நல்லது, நானும் ரசித்தேன். ஆனால் ஒரு நிமிடக் கலைஞர்கள் வந்து உட்கார வசதியான நாற்காலி ஒன்று இருந்ததென்றால் அது காமெடி டிராக்தான். அவர்கள் வாசலுக்கு வந்த நேரத்தில் அந்த நாற்காலியை எடுத்துவிட்டார்கள். மிச்சம் இருப்பது நாயகனின் நண்பன் என்ற நிற்கும் இடம் மட்டும்.

கத்தரிக்கோல்

ஐயா, வாழைப்பழக் காட்சியை நான் ஒருமுறை பாடமாகவே உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அதில் வெட்டு மிகக் குறைவு. இரண்டு பேரையும் ஒரே சட்டகத்தில் வைத்து விட்டுவிடுகிறார்கள். செந்தில் சும்மா நிற்பதே பாதிச் சிரிப்பு. ஆக, நீளம் ஒன்றாக இருந்தாலும் கருவி வேறு.

பழைய ரீல்பெட்டி

ஒப்புக்கொள்கிறேன். "ரீல்ஸ்தானே" என்று சொன்னதில் அந்த வித்தியாசத்தை விட்டுவிட்டேன். அளவு ஒன்று, முறை வேறு என்று திருத்திக்கொள்கிறேன்.

ஒரு நிமிடக்காரன்

இந்த இழையை இரண்டு நாளாகப் படித்துக்கொண்டே இருந்தேன். நானும் வீடியோ போடுகிறவன். பெரிய ஆள் இல்லை, ஆனால் தெரிந்தவர்களுக்குத் தெரியும். போன வருடம் ஒரு படத்தில் ஐந்து நாள் வேலை செய்தேன். படத்தின் பெயரும் கம்பெனி பெயரும் சொல்ல விரும்பவில்லை.

முதல் நாள் காலையில் உதவி இயக்குநர் ஒருவர் வந்து அன்பாகத்தான் சொன்னார். "நீங்க வழக்கமா பண்ணுவீங்களே, அதையே இங்க பண்ணிடுங்க, சார் ரொம்ப ரசிப்பாரு." கையில் இரண்டு வரி வசனம்.

நான் வழக்கமாகப் பண்ணுவது என்ன? ஒரு நிமிடத்துக்கு இரண்டு நாள் எழுதுவேன். அம்மா என்ன சொல்வாள் என்று யோசிப்பதற்கு முன்னால் அன்றைக்கு அவள் எதற்குக் கோபமாக இருக்கிறாள் என்று யோசிப்பேன். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு பதினைந்து தடவை எடுப்பேன். பதினான்கு வீணாகப் போகும். அதை யாரும் பார்ப்பதில்லை. பதினைந்தாவதைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள், அதுதான் நான் என்று நினைக்கிறார்கள். படப்பிடிப்பில் எண்பது பேர் பார்த்துக்கொண்டு நிற்கும்போது முதல் தடவையே பதினைந்தாவதைச் செய் என்றார்கள்.

செய்தேன். முதல் டேக்கில் லைட் அண்ணன்கள் சிரித்தார்கள். எனக்கு உயிரே வந்தது. ஆனால் ஃபோகஸ் தவறிவிட்டது. இரண்டாவதில் நாயகன் தனக்குக் குறித்து வைத்த இடத்தில் நிற்கவில்லை. மூன்றாவதில் ஒரு லாரி சத்தம். ஆறாவது டேக்கில் எல்லோருக்கும் அந்த வரி மனப்பாடம். யாரும் சிரிக்கவில்லை. நான் அந்த அமைதியைப் பார்த்துப் பயந்து, வேகத்தைக் கூட்டிவிட்டேன். படத்தில் இருப்பது அந்த ஆறாவதுதான்.

டப்பிங்கில்தான் முழுதாகப் புரிந்தது. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நான் பேச வேண்டும். அந்த முகத்துக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை. என் வீடியோவில் வரும் அம்மாவுக்கு எப்போதும் ஏதாவது வேண்டியிருக்கும். மகன் சாப்பிட வேண்டும், அல்லது அவன் பொய் சொல்வதை அவன் வாயாலேயே ஒப்புக்கொள்ள வைக்க வேண்டும். அதற்காகத்தான் அவள் அத்தனை பேச்சும் பேசுகிறாள். படத்தில் நான் நடித்த ஆளுக்கு ஒரு பெயர்கூடக் கிடையாது. வசனத்தாளில் என் சேனல் பெயரைத்தான் எழுதியிருந்தார்கள்.

யார் மீதும் கோபம் இல்லை. மரியாதையாக நடத்தினார்கள், பேசிய பணமும் வந்தது. ஆனால் வீட்டில் எல்லோரும் சேர்ந்து படம் பார்த்துவிட்டு வந்த இரவு யாரும் என்னிடம் அந்தக் காட்சியைப் பற்றிப் பேசவே இல்லை. அது இன்னும் வலிக்கிறது.

மின்மினி

தம்பி, படித்ததும் கண் கலங்கிவிட்டது. எழுதியதற்கு நன்றி.

இதோடு சேர்த்து ஒன்று சொல்ல வேண்டும். இந்த இழையில் இதுவரை வந்த பெயர்கள் எல்லாம் ஆண்கள். செல்போனில் பாருங்கள், மாமியார், அடுத்த வீட்டு அக்கா, டியூஷன் டீச்சர், ஆபீஸ் மேனேஜர் என்று எத்தனை பெண்கள் எத்தனை பாத்திரம் செய்கிறார்கள்! உடம்பு, குரல், நடை எல்லாவற்றையும் மாற்றிக் காட்டுகிறார்கள். அவர்களைச் சினிமா கூப்பிட்டால் எதற்குக் கூப்பிடுகிறது? நாயகியின் தோழிக்கு. ஆண்களுக்காவது நாயகனின் நண்பனாக ஒரு அடி வாங்கக் கிடைக்கிறது. தோழிக்கு நாயகியின் துப்பட்டாவைச் சரிசெய்வதைத் தவிர வேலை இல்லை.

மனோரமா ஆச்சியும் கோவை சரளாவும் நின்ற இடம் இது. அவர்கள் ஒரு காட்சிக்குள் நுழைந்தால் காட்சியே அவர்கள் பக்கம் சாய்ந்துவிடும். அந்த வரிசையில் அடுத்தவர் யார் என்று கேட்டால் எனக்குச் செல்போன் திரையில்தான் பதில் கிடைக்கிறது.

டிக்கெட் கவுன்டர்

நான் பட விளம்பரப் பக்கத்தில் வேலை செய்கிறேன். இவர்களை எதற்குக் கூப்பிடுகிறார்கள் என்பதை உள்ளிருந்து சொன்னால் உதவியாக இருக்கும்.

நடிகர் தேர்வுக் கூட்டத்தில் இப்போது பெயருக்குப் பக்கத்தில் ஃபாலோயர் எண்ணிக்கையும் இருக்கும். இவர் நடித்தால் தன் பக்கத்தில் டிரெய்லர் போடுவார், நாயகனோடு ஒரு ரீல்ஸ் எடுப்பார், பாட்டு வெளியானால் அதற்கு ஆடுவார். ஒப்பந்தத்திலேயே இத்தனை பதிவு என்று எழுதிவிடுவது நான் பார்த்த வரையில் சகஜம். விளம்பரத்துக்குத் தனியாகக் கொடுக்க வேண்டிய பணத்தில் ஒரு பகுதி மிச்சமாகிறது. ஆக, படத்தில் அவருக்கு இரண்டு காட்சி இருந்தால் போதும். அவருடைய நிஜமான வேலை படத்துக்கு வெளியே நடக்கிறது.

இதில் தப்பு எங்கே என்றால், இலவசமாக ஒரு நிமிடம் பார்ப்பவர் அதற்காகக் காசு கொடுத்து மூன்று மணி நேரம் ஒதுக்குவார் என்று கணக்குப் போடுவது. நான் வேலை செய்த படங்களில் அந்தக் கணக்கு ஒருமுறைகூட முழுதாக ஒத்து வரவில்லை. விசில் வரும், உண்மை. அந்த விசில் ஏற்கெனவே டிக்கெட் வாங்கியவர்கள் அடித்தது.

கடைசி பேருந்து

அப்படியென்றால் எதற்காகச் சினிமாவுக்குப் போக வேண்டும்? வீடியோவிலேயே நல்ல வருமானம், சொந்த முடிவு, கேட்க ஆள் இல்லை. பேசாமல் அங்கேயே இருக்கலாமே. கிண்டலாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

ஒரு நிமிடக்காரன்

2020 ஜூன் 29 இரவு டிக்டாக் தடை அறிவிப்பு வந்தது. மற்ற செயலிகளோடு சேர்த்து மொத்தம் 59. மறுநாள் நான் போட்ட அத்தனை வீடியோவும் போயிருந்தது. அந்த முடிவு சரியா தவறா என்று நான் பேசவில்லை. ஆனால் இரண்டு வருட உழைப்பை எடுத்துக் காட்ட என்னிடம் ஒரு துண்டுகூட இல்லை. பிறகு ரீல்ஸ் வந்தது, ஷார்ட்ஸ் வந்தது, முதல் படியிலிருந்து ஏறினேன். இன்றைக்கும் ஒவ்வொரு முறை அந்த நிறுவனங்கள் ஏதோ ஒரு கணக்கை மாற்றும்போதும் என் வீடியோ யாருக்குப் போகும் என்று எனக்குத் தெரியாது. ஆறு நொடி வீடியோவுக்கென்றே இருந்த வைன் 2013ல் வந்து 2017ல் மூடப்பட்டது என்று பிறகுதான் படித்தேன். அங்கே இருந்தவர்களுக்கும் இப்படித்தான் இருந்திருக்கும்.

சினிமா இருக்கும் அண்ணா. அதுதான் காரணம். 1989ல் எடுத்ததை இன்றைக்கு இங்கே உட்கார்ந்து பிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறோமே.

கடைசி பேருந்து

புரிந்தது தம்பி. நான் அந்தக் கோணத்தில் யோசிக்கவில்லை.

மைக்கூடு

நான் எழுதுகிறவன், வெப் சீரிஸ் எழுத்துக் குழுவில் இருந்திருக்கிறேன். நன்றாகக் கடந்து போனவர்களையும் பார்ப்போம், அங்கேதான் பதில் இருக்கிறது.

பிரதீப் ரங்கநாதன் குறும்படம் எடுத்து நெட்டில் போட்டுக்கொண்டிருந்தவர். 2019ல் கோமாளி இயக்கினார். 2022ல் லவ் டுடே. அது அவருடைய சொந்தக் குறும்படம் ஒன்றிலிருந்து விரிந்தது, நாயகனும் அவரே. காதலர்கள் செல்போனை மாற்றிக்கொள்கிறார்கள் என்பது ஒரு நிமிட வீடியோவுக்கும் போதுமான சரக்குதான். ஆனால் செல்போனுக்குள் என்ன இருக்கிறது என்பதை ஒவ்வொன்றாகத் திறக்கும்போது அது இரண்டரை மணி நேரம் தாங்குகிறது. அவர் ஜோக்கை நீட்டவில்லை. ஜோக்கின் கீழே இருந்த பயத்தை நீட்டினார். பாலாஜி மோகனும் 2012ல் தன் குறும்படத்தையே அதே பெயரில் பெரிய படமாக்கினார். எருமசாணி யூடியூப் சேனலில் நடித்த விஜய் 2022ல் அருள்நிதியை வைத்து டி பிளாக் இயக்கினார், அது நகைச்சுவைப் படமே இல்லை, திரில்லர்.

வெளியே பார்த்தால், இந்தியில் புவன் பாம் 2015லிருந்து தானே எல்லாப் பாத்திரமுமாக வீடியோ போட்டவர். அந்தப் பாத்திரங்களையே ஒரு குடும்பமாக வைத்து 2021ல் திந்தோரா என்ற தொடரைத் தன் சேனலிலேயே வெளியிட்டார். 2023ல் ஹாட்ஸ்டாரில் தாஸா கபர். வீடியோவுக்கும் ஹாட்ஸ்டாருக்கும் நடுவில் பாருங்கள், ஒரு படி வைத்து ஏறினார். அமெரிக்காவில் ஈசா ரே 2011ல் யூடியூபில் ஒரு கூச்ச சுபாவமுள்ள பெண்ணைப் பற்றி நகைச்சுவைத் தொடர் போட்டார். பணம் தீர்ந்தபோது பார்வையாளர்களே 56,000 டாலருக்கு மேல் திரட்டித் தந்தார்கள். 2016ல் எச்பிஓவில் இன்செக்யூர், ஐந்து சீசன் ஓடியது. அவரைத் தோழி வேடத்துக்குக் கூப்பிட்டிருந்தால் என்ன ஆகியிருப்பார் என்று மின்மினி அக்கா சொன்னதை வைத்து யோசித்துப் பாருங்கள்.

இவர்கள் எல்லோருக்கும் பொதுவாக ஒன்று இருக்கிறது. எழுதும் உரிமையோடு உள்ளே போனார்கள். ஃபாலோயர்கள் கூட வருவதில்லை, வெட்டும் கத்தியும் கூட வருவதில்லை, கத்தரிக்கோல் சொன்னது சரி. தான் உண்டாக்கிய ஒரு ஆளும் அந்த ஆளைப் பற்றிய அறிவும்தான் கூட வரும். அதை வாசலில் வாங்கி வைத்துவிட்டு முகத்தை மட்டும் உள்ளே கூப்பிட்டால் மூன்றாம் வரிசை பார்த்ததுதான் நடக்கும்.

மூன்றாம் வரிசை

எழுதாமல் நடிகராகவே போய் நன்றாக அமைந்தவர்கள் இல்லையா? ஜிதேந்திர குமார் டிவிஎஃப் என்ற இந்தி யூடியூப் சேனலின் வீடியோக்களில் நடித்தவர்தானே, பஞ்சாயத் என்ற இந்தித் தொடரில் எவ்வளவு அழகாக நிற்கிறார்.

மைக்கூடு

நல்ல கேள்வி. பஞ்சாயத்தைத் தயாரித்ததும் டிவிஎஃப்தான். அவர் எங்கே நிறுத்தினால் பார்ப்பவர்களுக்குச் சிரிப்பு வரும் என்று பல வருடமாகத் தெரிந்தவர்கள் அவருக்காக எழுதினார்கள். ஆக, அவர் எழுதாவிட்டாலும் அவரை அறிந்த எழுத்து கூடவே போனது. தமிழில் 2025ல் வந்த டிராகன் படத்தில் யூடியூபிலிருந்து வந்த விஜே சித்துவும் ஹர்ஷத் கானும் நாயகனின் நண்பர்களாகத்தான் வருகிறார்கள். ஆனால் அந்த நட்புக்குக் கதையில் வேலை இருந்தது, அதனால் அவர்கள் காணாமல் போகவில்லை. நண்பன் வேடம் என்பதே குறை இல்லை. வேலை இல்லாத நண்பன் வேடம்தான் குறை.

பழைய ரீல்பெட்டி

நூறு வருடத்துக்கு முந்தைய கதை ஒன்றையும் இங்கே வைத்துவிட்டுப் போகிறேன். சாப்ளின் 1914ல் கீஸ்டோன் ஸ்டுடியோவில் சேர்ந்து அந்த ஒரே வருடத்தில் 30க்கும் மேற்பட்ட படங்களில் நடித்தார். பெரும்பாலும் பத்துப் பதினைந்து நிமிடம் ஓடும் குட்டிப் படங்கள். ஓடுவது, விழுவது, உதைப்பது. அப்போது அதுதான் ரீல்ஸ் வேகம். அந்த வருடத்துக்குள்ளேயே அவர் தன் படங்களைத் தானே இயக்கும் உரிமையைக் கேட்டு வாங்கிவிட்டார். அவர் இயக்கிய முதல் முழுநீளப் படம் தி கிட், 1921ல் வந்தது. நடுவில் ஏழு வருடம். அந்த ஏழு வருடத்தில் தொப்பி, மீசை, கைத்தடி எதையும் மாற்றவில்லை. அந்த ஆளுக்குப் பசிக்கும், குளிரும், ஒரு குழந்தை மேல் பாசம் வரும் என்பதை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக்கொண்டே போனார்.

ஒரு நிமிடக்காரன் தம்பி, உங்கள் அம்மாவுக்கு எப்போதும் ஏதாவது வேண்டியிருக்கும் என்று எழுதினீர்களே, அதைப் படித்ததும் எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது. உங்களிடம் அது ஏற்கெனவே இருக்கிறது. ஒரு நிமிடத்திலிருந்து நேராக இரண்டரை மணி நேரத்துக்குத் தாவ வேண்டாம். ஷார்ட்ஸ் இப்போது மூன்று நிமிடம் வரை விடுகிறது. மூன்றில் எழுதுங்கள், பிறகு பத்து, பிறகு இருபது.

கத்தரிக்கோல்

கூடவே ஒரு பயிற்சி. அம்மாவாக வேறு ஒருவரை நடிக்க வையுங்கள், நீங்கள் மகன் மட்டும். கேமராவை ஒரு இடத்தில் வைத்து, நடுவில் வெட்டாமல் நாலு நிமிடம் எடுங்கள். மோசமாக வரும், பரவாயில்லை. அவர் பேசும்போது நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதை மட்டும் திரும்பத் திரும்பப் பாருங்கள்.

மின்மினி

அம்மாவாக நடிக்க ஆள் வேண்டுமென்றால் சொல்லுங்கள். கல்லூரி நாடகத்தில் பத்து வருடம் முன்பு நடித்தது, ஆனால் ஆசை போகவில்லை.

ஒரு நிமிடக்காரன்

மூன்று வாரம் கழித்து வருகிறேன். இருபத்திரண்டு நிமிடத்துக்கு ஒன்று எழுதியிருக்கிறேன், பதினெட்டுப் பக்கம். மகன் வெளியூர் வேலைக்குக் கிளம்பும் நாள் காலை. அம்மாவுக்கு அவன் போகக் கூடாது, ஆனால் அதை அவள் ஒருமுறைகூட வாயால் சொல்ல மாட்டாள். பெட்டியின் பூட்டு, சட்டைப் பட்டன், ரயில் நேரம் என்று வேறு எல்லாவற்றுக்கும் சண்டை போடுவாள். சிரிப்பு எல்லாம் அங்கேதான்.

அக்கா, நீங்கள் உண்மையாகத்தான் சொன்னீர்கள் என்றால் அந்த அம்மா நீங்கள்தான். கத்தரிக்கோல் அண்ணா சொன்ன பயிற்சியை என் நண்பனை வைத்து நாலு தடவை செய்தேன். முதல் இரண்டில் அவன் பேசும்போது நான் என் அடுத்த வரியை வாய்க்குள் சொல்லிக்கொண்டிருப்பது அப்படியே தெரிந்தது. நாலாவதில் கொஞ்சம் குறைந்திருக்கிறது.

யாராவது படித்துப் பார்ப்பீர்களா?

மைக்கூடு

தனிமடலில் அனுப்புங்கள், இந்த வார இறுதியில் படித்துவிடுகிறேன்.

மின்மினி

உண்மையாகத்தான் சொன்னேன் தம்பி. எனக்கும் அனுப்புங்கள்.

ஒரு நிமிடக்காரன்

இரண்டு பேருக்கும் அனுப்பிவிட்டேன். பன்னிரண்டாம் பக்கத்தில் ஆட்டோ வந்து நின்ற பிறகு அம்மா எதுவும் பேசாமல் இருக்கும் இடம் ஒன்று வரும். வசனம் எழுதிப் பார்த்து மூன்று தடவை அடித்துவிட்டேன். அது அப்படியே இருக்கலாமா, அதை மட்டும் முதலில் சொல்லுங்கள்.